கட்டை விழும் சத்தம்: பெட்ஃபோர்டில் பதுளையிலிருந்து பண்டாரவளை வரை

லொறியில் ஏறுவதற்கு முன்பே எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள். முக்கோணமாகச் செதுக்கிய பலாக் கட்டை ஒன்று, சணல் கயிற்றுப் பிடியோடு.

“வண்டி நின்னா நீங்க குதிக்கணும் தம்பி. பின் சில்லுக்குக் கட்டைய வச்சு ஒரு தட்டுத் தட்டுங்க. அந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் பிரேக்க விடுவேன்” என்றார் பெரியவர். வயது 70ஐத் தாண்டியவர். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து லொறிக்குக் கிளீனராகச் சேர்ந்து, அதே லொறிக்கு டிரைவராகி, கடைசியில் அதே லொறிக்குச் சொந்தக்காரராகவும் ஆனவர். அவருடைய முதல் உத்தியோகமே இந்தக் கட்டைதான். இன்று அது என் கையில்.

சோதனைக்கு எடுத்துக்கொண்ட வண்டி பெட்ஃபோர்ட் ஜே வரிசை, பொனட் வைத்தது. பாதை, பதுளையிலிருந்து ஹாலிஎல, தெமோதரை, கும்பல்வெல வழியாகப் பண்டாரவளை. ஏறத்தாழ 30 கிலோமீற்றர். பதுளை கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர், பண்டாரவளை சுமார் 1,225 மீற்றர். போகும்போது 60 மூட்டை உரம், தலா 50 கிலோ, ஆக மூன்று தொன். வரும்போது தேயிலை ஸ்டோருக்கு யூக்கலிப்டஸ் விறகு.

வண்டி எங்கிருந்து வந்தது?

பெட்ஃபோர்ட் என்பது இங்கிலாந்தின் வோக்ஸ்ஹால் கம்பனி செய்த லொறிகளுக்கு வைத்த பெயர். தாய்க் கம்பனி அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ். ஜே வரிசை 1958இல் வந்தது. இதே குடும்பத்து லொறிகளை இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டர்ஸ் செய்து விற்றது. பாகிஸ்தானில் பூவும் மயிலுமாகச் சித்திரம் தீட்டி மலைப்பாதைகளில் ஓடும் பழைய லொறிகளில் பெரும்பாலானவை பெட்ஃபோர்டுகள்தான். ஜெனரல் மோட்டர்ஸ் 1980களின் பின்பாதியில் லொறித் தொழிலைக் கைவிட்டது. ஆலை போய்விட்டது, லொறிகள் போகவில்லை.

நம் நாட்டில் அவை நிலைத்ததற்குத் தனிக் காரணம் உண்டு. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுகிக் கிடந்த ஆண்டுகளில், இருக்கிற வண்டியை ஓட்டியே ஆகவேண்டிய நிலை. அந்த நெருக்கடிதான் மலையகத்துக் கராஜ்களுக்குப் பள்ளிக்கூடம். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது லொறிகளும் அரசின் கைக்குப் போயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியாரிடம் போனது. அந்தக் கைமாற்றக் காலத்தில் ஒதுக்கிப் போட்ட வண்டியைத்தான் பெரியவர் வாங்கினார்.

இலக்கத் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து இருக்கிறது. ஐம்பதுகளின் இறுதியில் இந்த ஓரெழுத்துக்கு எதிராகத் தமிழர்கள் தார்ச்சட்டி தூக்கினார்கள். இன்று பழைய வாகனப் பிரியர்கள் அதே எழுத்துள்ள தகட்டைப் பெருமையாகத் துடைத்து வைக்கிறார்கள். பெரியவர் துடைப்பதுமில்லை, அழிப்பதுமில்லை. “அது வண்டியோட நம்பரு. நம்ம நம்பரா?”

கேபின்

கதவைச் சாத்த வேண்டாம், அறைய வேண்டும். இருக்கை பலகை மாதிரி. மேலே ரெக்சின், உள்ளே தென்னந்தும்பு. சீட் பெல்ட் கிடையாது. ஸ்பீடோமீற்றர் முள் 0இல் தூங்கிப் பல வருடமாகிறதாம். ஸ்டியரிங் வளையம் சாப்பாட்டுத் தாம்பாளத்தைவிடப் பெரிது. பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்து வண்டி. வளையம் பெரிதாக இருந்தால்தான் கைக்குப் பலம் கிடைக்கும். நின்றபடி திருப்பினால் தோள் கழன்றுவிடும், உருளத் தொடங்கியபின் திருப்பினால் வழிவிடும்.

ஒரேயொரு சுகம், இஞ்சின் சூடு காலடியில் கசிவது. பண்டாரவளைக் குளிருக்கு அது போதும்.

இஞ்சின்

பொனட் முதலை வாய்போல மேல்நோக்கித் திறக்கிறது. உள்ளே ஆறு சிலிண்டர் டீசல் இஞ்சின், 300 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 4.9 லீற்றர். வலு நூறு குதிரைக்குக் கொஞ்சம் குறைவு. இன்றைய மூன்று லீற்றர் டர்போ இஞ்சின் ஒன்று இதைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஆனால் இதற்குள் கையை விடலாம். இஞ்செக்டர், பம்ப், டீசல் வடி, ஒவ்வொன்றையும் சுற்றி ஸ்பனர் திரும்பும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். புதிய வண்டியின் பொனட்டைத் திறந்தால் கறுப்புப் பிளாஸ்டிக் மூடிதான் முதலில் தெரிகிறது. இங்கே தெரிவது வண்டியேதான்.

ஹாலிஎல தாண்டி ஏற்றம் தொடங்கியதும் மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கினார். கிளட்ச்சை ஒருதரம் மிதித்து நியூட்ரல், காலை எடுத்து அக்சிலரேட்டரில் ஒரு சின்ன உறுமல், மறுபடி கிளட்ச், பிறகு கியர். டபுள் கிளட்ச். பழைய பற்சக்கரங்களின் வேகத்தை டிரைவரே சமன்செய்து பொருத்த வேண்டும். அவர் செய்தபோது வெண்ணெயில் கத்தி இறங்கியது. சமதரையில் என்னிடம் கொடுத்தபோது கல் அரைக்கும் சத்தம் கேட்டது. “கையால போடாதீங்க. காதால போடுங்க” என்றார்.

மூன்று தொன்னோடு ஏறும்போது வேகம் சைக்கிள்காரனோடு போட்டிபோடும் அளவுதான். ஆனால் மூச்சு வாங்கவில்லை. உயரத்தின் கணக்கும் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் உயரத்தில் காற்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும். டர்போ இல்லாத இஞ்சினுக்கு அந்த அளவு மூச்சுக் குறையும். போதாக்குறைக்கு, பண்டாரவளை உயரத்தில் தண்ணீர் 96 பாகை அளவிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால், பதுளையில் சும்மா இருந்த வண்டி மேலே ஆவி கக்கும். அதனால்தான் இருக்கைக்குப் பின்னால் எப்போதும் ஒரு கேன் தண்ணீர்.

தெமோதரையில் நிறுத்தினோம். நான் குதித்தேன், கட்டை வைத்தேன், தட்டினேன். கீழே, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கம் போட்டு வளைந்து வரும் ரயில் பாதை. செங்குத்தாக இறங்க முடியாத ரயில் தன் பாதையை ஒரு வளையமாகச் சுற்றி உயரத்தைக் கழித்துக்கொள்கிறது. லொறிக்கு அந்தச் சலுகை இல்லை. அதற்கு இருப்பது கியரும் பிரேக்கும்தான்.

இறக்கம்

பாராட்டு இதோடு முடிகிறது.

பிரேக், ஹைட்ராலிக் டிரம். மிதிக்கும் காலுக்குத் துணையாக ஒரு வெற்றிட சேர்வோ. பெற்றோல் இஞ்சின் வெற்றிடத்தைத் தானே உண்டாக்கும். டீசலுக்கு அதற்கென்று தனிப் பம்ப் வேண்டும். இஞ்சின் இடையில் நின்றுபோனால் சேமித்த வெற்றிடம் சில மிதிகளுக்குத்தான் தாங்கும். பிறகு முழுப் பாரமும் வெறுங்காலில். டிரம் சூடேறினால் விரியும், லைனிங் பிடி தளரும், பெடல் கீழே கீழே போகும். ஏபிஎஸ், எக்ஸோஸ்ட் பிரேக் எதுவும் இதில் இல்லை.

பெரியவரின் சட்டம் ஒன்றே: ஏறிய கியரிலேயே இறங்கு. விறகு ஏற்றிய வண்டியைக் கும்பல்வெலயிலிருந்து கீழே இரண்டாம் கியரில்தான் கொண்டுவந்தார். இஞ்சின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்து வைத்திருந்தது. பின்னால் வேன்கள் ஹோர்ன் அடித்தன. அவர் கேட்கவேயில்லை. பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வரவில்லை. அழுத்தினார், விட்டார், ஆற விட்டார். வழியில் இரண்டு முறை நிறுத்தி, ஒவ்வொரு சில்லுக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்த்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. ஒரு பக்கம் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அந்தப் பக்கம் பிரேக் ஒட்டுகிறது என்று அர்த்தம்.

“ஏறும்போது இவன் எல்லாத்தையும் சொல்லுவான் தம்பி. தண்ணி இல்லன்னாலும் சொல்லுவான், எண்ணெய் இல்லன்னாலும் சொல்லுவான். எறங்கும்போது மட்டும் வாயத் தெறக்க மாட்டான். பிரேக் போற வரைக்கும் சத்தமே இருக்காது.”

எந்த விற்பனைப் பிரசுரத்திலும் இப்படியொரு நேர்மையான வரியை நான் படித்ததில்லை. மகனுக்கு லைசன்ஸ் இருந்தும் பாரத்தோடு இறக்கத்தில் இந்த வண்டியை அவர் கொடுப்பதில்லை. மகன் ஓட்டுவது எக்ஸோஸ்ட் பிரேக் உள்ள இசுசு.

பழுதும் பாகமும்

கம்பனி மூடிய வண்டிக்கு ஸ்பெயார் எங்கே? பாதி கொழும்பு பஞ்சிகாவத்தையில், மீதி பதுளை லேத் பட்டறைகளில். புஷ், பின், ஷாக்கிள் எல்லாம் கடைந்து எடுக்கலாம். கிங் பின்னுக்கும் லீஃப் ஸ்பிரிங் ஷாக்கிளுக்கும் வாரத்துக்கு ஒருமுறை கிரீஸ் அடிப்பது பெரியவரின் ஞாயிற்றுக்கிழமைப் பூசை. தவறினால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். சென்சர் கிடையாது, கொம்பியூட்டர் கிடையாது; பழுதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் பாஸின் காது போதும்.

2020 மார்ச்சில் வந்த வாகன இறக்குமதித் தடை 2025 தொடக்கம் வரை நீண்டபோது, புதிய லொறி வைத்திருந்தவர்கள் பாகத்துக்காக அலைந்தார்கள். இவர் அலையவில்லை. ஆனால் 2022இல் டீசல் வரிசையில் எல்லாரோடும் சேர்ந்துதான் நின்றார். அந்த இஞ்சினுக்குப் பசி அதிகம். கியூஆர் கோட்டாவில் அது அடங்கவில்லை. வண்டி இரண்டு மாதம் கொட்டகையில் நின்றதாம். வாரத்துக்கு ஒருமுறை கையால் கிரீஸ் மட்டும் அடித்திருக்கிறார்.

வாங்கலாமா?

மதிப்பெண்: ஏற்றம் 10க்கு 8. பழுது பார்க்கும் வசதி 9. இருக்கை 2. எரிபொருள் 4. இறக்கம் 3, அந்த மூன்றும் வண்டிக்கு இல்லை, டிரைவருக்கு.

பாரம் ஏற்றிப் பிழைக்க வாங்குகிறீர்களா? வேண்டாம். ஊவாவில் ஏறுகிற பாதை எல்லாம் இறங்குகிற பாதையும்தான். நாற்பது வருட அனுபவத்தைப் பிரேக்குக்குப் பதிலாக வைத்து ஓட்டும் வண்டியை இன்னொருவர் கையில் விற்க முடியாது. பழைய வண்டிமேல் ஆசையா? பாரமில்லாமல், பகலில், ஒழுங்காகப் பிரேக் லைனிங் மாற்றி ஓட்டுங்கள். டபுள் கிளட்ச் பழகிய காது வேறு எந்த வண்டியையும் நன்றாக ஓட்டும்.

பதுளைக்கு வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. கொட்டகை வாசல் சின்னச் சரிவு. ஒரு முழம்கூட இருக்காது. வீட்டுக்கே வந்துவிட்டோமே என்று நான் கட்டையை மறந்து இறங்கிப் போனேன். பின்னால் இஞ்சின் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, பிரேக்கில் கால் வைத்தபடி, அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய்க் கட்டையை வைத்துத் தட்டினேன். அதற்குப் பிறகுதான் ஸ்டாப் கம்பியை இழுத்தார்.

இறங்கி வந்து பொனட்டில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு குனிந்து, கட்டை சரியாக இருக்கிறதா என்று இன்னொருமுறை காலால் உதைத்துப் பார்த்தார்.