20 ஹெர்ட்ஸ்னு போட்டிருந்தா போதுமா?

யானைகளின் தாழ்ஒலியைப் பதிவு செய்ய என்ன மைக் வாங்கலாம்னு தேடினால், பெரும்பாலும் ஒரே அறிவுரைதான் கிடைக்கும்: "20 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகிற மைக் வாங்குங்க." கேட்க சரியாத்தான் இருக்கு. ஆனா அது பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பிக் காசு விட்டவன் நான்.

1984-ல் போர்ட்லண்ட் மிருகக்காட்சி சாலையில் கேட்டி பெய்ன் இந்த ஒலியைக் காதால் கேட்கவில்லை. காற்றில் ஓர் அதிர்வாக உணர்ந்தார். 1986-ல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, ஆசிய யானைகளின் அடிப்படை அதிர்வெண் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் என்றது. அதனால்தான் எல்லோரும் 20-ஐப் பிடித்துத் தொங்குகிறார்கள்.

முதல் குறை: 20 ஹெர்ட்ஸ் என்பது சுவர் இல்லை, சரிவு. அந்த இடத்தில் 3 டெசிபல் குறையும் சாதாரண மைக், 15 ஹெர்ட்ஸில் சுமார் 4.4 டெசிபல்தான் இழக்கும். யானை அங்கே காணாமல் போவதில்லை. ஆனால் எத்தனை டெசிபல் குறைவை வைத்து 20 என்று எழுதினார்கள் என்பதைச் சொல்லாத தரவுத்தாளுக்கு அர்த்தமே இல்லை.

இரண்டாவது: மைக்குக்குப் பின்னால் இருப்பதை யாரும் பேசுவதில்லை. என் பெருக்கியின் உள்ளீட்டில் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 10 கிலோ ஓம் மின்தடை. கணக்குப் போட்டால் வெட்டு அதிர்வெண் 16 ஹெர்ட்ஸ்! விலை உயர்ந்த மைக் கொடுத்ததை ரெண்டு ரூபாய் மின்தேக்கி தின்னுட்டு இருந்தது. 10 மைக்ரோஃபாரட் போட்டதும் 1.6-க்கு இறங்கியது.

மூன்றாவது: காற்று. காற்றிரைச்சலின் பலமெல்லாம் இதே தாழ் அதிர்வெண்களில்தான். நல்ல மைக் காற்றையும் நல்லாவே கேட்கும். ஆனால் 15 ஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 23 மீட்டர். ஒன்றிரண்டு மீட்டர் இடைவெளியில் இரண்டு மைக் வைத்தால் யானை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி பதியும். காற்றின் சலசலப்பு ஒவ்வொன்றிலும் வேறு வேறாக இருக்கும். ரெண்டையும் ஒப்பிட்டாலே பாதி வேலை முடிஞ்சது.

அறிவுரை முழுத் தப்பு என்று சொல்லவில்லை. அருகில் என்றால் 30, 45, 60 என வரும் மேற்சுரங்களின் இடைவெளியே அடிப்படை 15 என்று காட்டிக்கொடுக்கும். தூரத்தில் முதலில் மங்குவது அந்த மேற்சுரங்கள்தான். அங்கே தாழ்ஒலி கேட்கும் மைக் வேணும்.

ஆனா ஊருக்கு எச்சரிக்கை கொடுக்க இதைச் செய்கிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்கணும். பேசாமல் நடந்து வரும் யானையை எந்த மைக்கும் கேட்காது. கருவி அமைதியாக இருப்பதால் பாதை பாதுகாப்பானது என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

என் தீர்ப்பு: அதே காசுக்கு சுமாரான மைக் ரெண்டு, கனமான காற்றுக்கவசம் ரெண்டு. அதுக்கு முன்னாடி அந்த மின்தேக்கியைப் பாருங்க.