தோல்விகளை எப்படி வாசிப்பது?
தென்காசித் தனித்தொகுதியை முன்வைத்து

1

தென்காசி நாடாளுமன்றத் தொகுதியில் 1977 தொடங்கி 1996 முடிய ஒரே மனிதர் ஆறு முறை ஜெயித்தார். எம். அருணாசலம். ஐந்து முறை காங்கிரஸ், கடைசி முறை தமாகா. அதே தொகுதியில் 1998 தொடங்கி 2024 முடிய ஒரே மனிதர் ஏழு முறை தோற்றார். டாக்டர் க. கிருஷ்ணசாமி. முன்னவர் கட்சியின் வேட்பாளர். பின்னவர் ஒரு சமூகத்தின் எழுச்சியோடு சேர்ந்து வந்தவர். இரண்டு வரிசையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தனித்தொகுதி என்கிற ஏற்பாடு யாரை உள்ளே விடும், யாரை வாசலிலேயே நிறுத்தும் என்பது பிடிபடத் தொடங்கும்.

தோத்தவரைப் பத்தி எழுத என்ன இருக்கு என்று நம்மாட்களே கேட்பார்கள். வெற்றியை எழுதப் பத்திரிகைகள் இருக்கின்றன, ஜெயித்தவர்களின் சொந்தக் கட்சிகள் இருக்கின்றன. இயக்கத்திலிருந்து வந்தவர்களின் தோல்வியை எழுத ஆளில்லை. எழுதினாலும் இரண்டே வாய்பாடுதான்: 'மக்கள் நிராகரித்துவிட்டார்கள்', 'ஓட்டுப் பிரிஞ்சு போச்சு'. முதலாவது ஆதிக்க சாதிகளுக்குத் திருப்தி தருவது. இரண்டாவது நமக்கு ஆறுதல் தருவது. இரண்டுமே தேர்தல் முடிவை வாசிப்பதில்லை.

2

கிருஷ்ணசாமியை இன்றைய நிலைப்பாடுகளை மட்டும் வைத்து எடைபோடுகிறவர்கள் அவர் எங்கிருந்து வந்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளையும் பண்டபாத்திரங்களையும் நொறுக்கியதே, அந்தக் காலத்துக் கோபம் அவரை முன்னுக்குக் கொண்டுவந்தது. 1996இல் ஓட்டப்பிடாரம் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1997இல் விருதுநகர் மாவட்டத்தின் புதிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தபோது ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் பற்றி எரிந்தது. பள்ளர் ஒருவரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். கடைசியில் அரசு என்ன செய்தது? மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. ஒரு பெயரை ஏற்க முடியாத சமூகத்துக்காகப் பெயர்களையே இல்லாமல் செய்த சமத்துவம் அது.

பிறகு மாஞ்சோலை. கூலி உயர்வு கேட்ட, சிறையிலிருந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளரை விடுதலை செய்யக் கேட்ட ஊர்வலம் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் தாமிரபரணிக்குள் அடித்து விரட்டப்பட்டது. பெண்கள் இருவர், ஒரு குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். அந்த ஊர்வலத்தில் புதிய தமிழகத்தோடு தமாகாவும் இடதுசாரிகளும் நடந்தார்கள். சாதி அமைப்பு என்று முத்திரை குத்தப்பட்ட ஒன்று கூலிப் பிரச்சினையைக் கையிலெடுத்து, மற்றவர்களையும் தன் பின்னால் நடக்கவைத்த தருணம் அது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அன்றைக்கும் சரியாகப் பேசப்படவில்லை, இன்றைக்கும் பேசப்படவில்லை.

இரண்டு மாதம் கழித்து வந்த நாடாளுமன்றத் தேர்தலில் அவர் தென்காசியில் நின்றார், தோற்றார்.

3

இந்த இடத்தில் தனித்தொகுதி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1932இல் பூனா ஒப்பந்தம் தனி வாக்காளர் தொகுதியைப் பறித்துக்கொண்டு, பதிலுக்கு மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்களைக் கொடுத்தது. ஆனால் அந்த ஒப்பந்தத்திலேயே இன்னொரு ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு ஒதுக்கப்பட்ட இடத்துக்கும் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டுமே முதலில் கூடி நான்கு பேரைத் தேர்வார்கள், பொதுத் தொகுதி அந்த நால்வரில் ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அதிகபட்சம் பத்து வருஷத்துக்கான ஏற்பாடு. குடியரசான பிறகு அந்த முதற்சுற்று இல்லை. இடம் மிஞ்சியது, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாய் போய்விட்டது. அந்த வாயைக் கட்சிகள் எடுத்துக்கொண்டன.

ஆகவே தனித்தொகுதியில் நிற்பவர் பட்டியல் சாதியாக இருக்க வேண்டும், ஓட்டுப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் அப்படி இருக்கமாட்டார்கள். 2008 மறுசீரமைப்பு வகுத்த தென்காசியை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், கடையநல்லூர், தென்காசி என ஆறு சட்டமன்றத் தொகுதிகள். அதற்கு முன்பு ராஜபாளையம் தனி, ஸ்ரீவில்லிபுத்தூர் பொது. மறுசீரமைப்பில் ராஜபாளையம் பொது, ஸ்ரீவில்லிபுத்தூர் தனி. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் 'பிரதிநிதித்துவம்' ஒரு கோப்பில் இடம்மாறிவிட்டது. ராஜபாளையத்தின் நூற்பாலைத் தொழிலாளி, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர், ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றி வயல் வேலைக்குப் போகிறவர் எவரையும் கேட்டு இது நடக்கவில்லை.

ராஜுக்கள், தேவர், நாயக்கர், நாடார், சாலியர், இஸ்லாமியர், பள்ளர், பறையர், அருந்ததியர் என்று பல சமூகங்கள் சேர்ந்து ஓட்டுப் போடும் இந்தத் தொகுதியில், எந்தப் போராட்டம் ஒருவரைத் தலைவராக்கியதோ அதுவே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. 'இவரு நம்ம தெருவுக்குள்ள வரலாமா' என்கிற கேள்வி கட்சி வேட்பாளரிடம் கேட்கப்படுவதில்லை, அவரும் அதே பட்டியலிலிருந்து வந்தவராக இருந்தாலும். அவர் சின்னத்தின் மறைவில் வருகிறார். 2014இல் ஜெயித்த வசந்தி, 2019இல் ஜெயித்த தனுஷ் குமார், 2024இல் ஜெயித்த மருத்துவர் ராணி ஸ்ரீகுமார் இவர்கள் மேல் தனிப்பட்ட குறை சொல்வதல்ல என் நோக்கம். அவர்கள் ஜெயித்த விதம்தான் இங்கே வாசிக்கப்பட வேண்டியது.

4

இனி எண்கள். 2009இல் கிருஷ்ணசாமி இரண்டு பெரிய கூட்டணிக்கும் வெளியே நின்றார். 1,16,685 ஓட்டு, மூன்றாமிடம். 2014இல் திமுக கூட்டணியில் 2,62,812, இரண்டாமிடம். 2019இல் அதிமுக, பாஜக அணியில் இரட்டை இலையில் 3,55,870, மறுபடி இரண்டாமிடம். 2024இல் பாஜக இல்லாத அதிமுக அணியில், அதே இலையில் 2,29,480. தோல்வி வித்தியாசம் முறையே 1,61,774, 1,20,286, 1,96,199.

சாதாரணமாகப் பார்த்தால் 2009தான் மோசமான தோல்வி, 2019தான் கௌரவமான தோல்வி. தலைகீழாக வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி. 2009இல் ஜெயித்த இந்தியக் கம்யூனிஸ்ட் லிங்கத்துக்கும் இரண்டாவதாக வந்த காங்கிரசுக்கும் வித்தியாசம் 34,677தான். கிருஷ்ணசாமி வாங்கியது அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அந்த ஓட்டு காங்கிரஸ் பக்கம் சாய்ந்திருந்தால் முடிவு மாறியிருக்கக்கூடிய நிலை. இரண்டு பெரிய அணிகளும் அதைக் கவனித்தன. தொடர்ந்து வந்த தேர்தல்களில் அவருக்குக் கூட்டணிக் கதவுகள் திறந்ததற்கு அந்த மூன்றாமிடம் ஒரு முக்கியமான காரணமாக இருக்க வேண்டும்.

2019இன் மூன்றரை லட்சத்தில் எது இலைக்கு விழுந்தது, எது மாஞ்சோலைக்கு விழுந்தது என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? சின்னம் என்பது வெறும் படமல்ல, ஓட்டு யாருடையது என்று எழுதும் கணக்குப் பேரேடு. இலையில் விழுந்த ஓட்டு இலையின் கணக்கில்தான் ஏறும். ஜெயித்தால் அவர் எம்.பி., தோற்றால் அவருடைய தோல்வி. லாபம் கூட்டணிக்கு, நஷ்டம் இயக்கத்துக்கு. அம்புட்டுத்தான்.

2024 இன்னும் கடுமையான பாடம். அதே தேர்தலில் தாமரைச் சின்னத்தில் நின்றவர் தமிழக மக்கள் முன்னேற்றக் கழகத்தின் ஜான் பாண்டியன். 2011 செப்டம்பர் 11 அன்று, இமானுவேல் சேகரன் நினைவு நாளில், இவர் கைதானதை ஒட்டி எழுந்த மறியல்மீதுதான் பரமக்குடித் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரே சமூகத்தின் இரண்டு போராட்ட வரலாறுகள் இரண்டு வெவ்வேறு பெரிய கட்சிகளின் சின்னத்தில் எதிரெதிராக நின்றன. ஜான் பாண்டியனுக்கு 2,08,825. இரண்டையும் கூட்டினால் 4,38,305. ஜெயித்தவர் வாங்கியது 4,25,679.

உடனே டீக்கடையில் சொல்லிவிடுவார்கள், 'ரெண்டு பேரும் ஒண்ணா நின்னிருந்தா ஜெயிச்சிருக்கலாம்ல'. இந்தக் கூட்டல்தான் நம்மை ஏமாற்றுகிறது. கூட்டப்படுவது சமூகத்தின் ஓட்டு அல்ல, அதிமுக அணியின் ஓட்டும் பாஜக அணியின் ஓட்டும். அவை சேர வேண்டுமா பிரிய வேண்டுமா என்பதைத் தென்காசியிலோ ராஜபாளையத்திலோ யாரும் முடிவு செய்யவில்லை. சென்னையிலும் டில்லியிலும் முடிவானது. 'சமூகம் பிளவுபட்டதால் தோற்றது' என்கிற சொல்லாடல், பிளந்தவர்களை விட்டுவிட்டுப் பிளக்கப்பட்டவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது.

5

தோல்வியை வைத்து என்ன செய்வது என்று யோசித்த முன்னோடிகள் நமக்கு உண்டு. அம்பேத்கர் 1952இல் வட பம்பாயில் காங்கிரசின் கஜ்ரோல்கரிடம் தோற்றார், 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். அரசியல் சட்டத்தை எழுதியவரையே இந்த ஏற்பாடு வெளியே தள்ளியது. அவர் அதைத் தன் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏற்பாட்டின் குறையாக வாசித்தார். 1955இல் அவருடைய பட்டியல் சாதிகள் சம்மேளனம் சட்டமன்ற, நாடாளுமன்றத் தனித்தொகுதிகளே வேண்டாம் என்று தீர்மானம் போட்டது.

கன்ஷிராம் பூனா ஒப்பந்தத்தின் ஐம்பதாம் ஆண்டில், 1982இல், 'சம்சா யுகம்' எழுதியவர். பிறர் தேர்ந்தெடுத்துத் தரும் பிரதிநிதி யாருக்குக் கையாள் ஆகிறார் என்பதுதான் அதன் விசாரணை. முதல் தேர்தல் தோற்பதற்கு, அடுத்தது தோற்கடிப்பதற்கு, அதற்கடுத்ததே ஜெயிப்பதற்கு என்பது அவருடைய பிரபலமான கணக்கு. 1984இல் ஜாஞ்ச்கீர், 1988இல் அலகாபாத் என்று சொந்தக் கொடியில் தோற்றுத் தோற்று, 1991இல் எட்டாவா என்ற பொதுத் தொகுதியில் ஜெயித்தார். அவருக்குத் தோல்வி ஒரு முதலீடு. ஓட்டு குறைவாக இருந்தாலும் எண்ணக்கூடியதாக, தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

பக்கத்திலேயே சிதம்பரம் இருக்கிறது. திருமாவளவன் 1999, 2004 இரண்டிலும் தோற்று, 2009இல் ஜெயித்து, 2014இல் தோற்று, 2019இல் வெறும் 3,219 ஓட்டில் தப்பி, 2024இல் லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் வந்தார். அவரும் கூட்டணிக்குள்தான் நின்றார். 2019இல் அவர் கட்சி விழுப்புரத்தில் உதயசூரியனில் நின்றது. ஆனால் சிதம்பரத்தில் பானை அவருடைய பானையாக இருந்தது. கூட்டணிக்குள் போவது, சின்னத்துக்குள் கரைவது இரண்டும் ஒன்றல்ல.

கன்ஷிராம் கணக்குப்படி பார்த்தால் தென்காசியில் 2009 இரண்டாம் கட்டம். அதற்குப் பிறகு மூன்றாம் கட்டத்துக்குப் போகாமல், வேறொருவருடைய கணக்குக்குள் போய்விட்டது இயக்கம்.

6

ஏற்பாட்டைக் குறை சொல்லிவிட்டு இயக்கத்தை விட்டுவிட முடியாது. தேவேந்திரகுல வேளாளர் என்ற பொதுப்பெயர் கோரிக்கை 2021இல் நாடாளுமன்றச் சட்டமாயிற்று. ஏழு உட்பிரிவுகள் ஒரு பெயருக்குள் வந்தன. இழிவாக்கப்பட்ட பெயரை மறுக்கும் உரிமையை யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. ஆனால் கிருஷ்ணசாமி அதோடு நிற்கவில்லை. பட்டியலைவிட்டே வெளியேற வேண்டும் என்றார், 'தலித்' என்ற அடையாளத்தை மறுத்தார், 2009இன் அருந்ததியர் 3 விழுக்காடு உள்ஒதுக்கீட்டை எதிர்த்தார்.

அம்பேத்கரின் கட்சி 1955இல் கேட்டது தனித்தொகுதி என்ற கருவியைக் கைவிடச் சொல்லி. இங்கே கேட்கப்படுவது பட்டியலில் உள்ள மற்றவர்களிடமிருந்து விலகி நிற்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பட்டியலைவிட்டு வெளியேறு என்கிற முழக்கத்தோடு, பட்டியல் சாதியாருக்கு மட்டுமே ஒதுக்கப்பட்ட தொகுதியில் திரும்பத் திரும்ப மனுத்தாக்கல் செய்வதிலுள்ள முரண் வெறும் கேலிக்குரியதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரின் அருந்ததியர் தெருவிலும் பறையர் தெருவிலும் அந்த முழக்கம் எப்படிக் கேட்கும்? 'நாங்க ஒங்க கூட இல்ல'ன்னுதான் கேட்கும். பக்கத்துத் தெரு கைவிட்டுப் போனபின் ஆதிக்க சாதித் தெருவின் ஓட்டைப் பெரிய கட்சிகள் வாங்கித் தரும் என்று நம்பியாக வேண்டியிருக்கிறது. 1999இல் தொழிலாளர் பிரச்சினை வழியே மற்றவர்களைத் தன் பின்னால் நடக்கவைத்த இயக்கம், பெருமிதத்தின் வழியே தன்னைத் தனியாக்கிக்கொண்டது. கொடியங்குளத்தில் நொறுங்கிய பாத்திரங்களுக்கும் வேளாளப் பெருமைக்கும் இடையில் எங்கோ கூலி என்கிற சொல் தொலைந்துபோனது.

7

தோழர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் படிவம் 20 என்று வாக்குச்சாவடி வாரியான கணக்கு வெளியாகிறது. 2009இலும் 2024இலும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சாவடிகளில் எந்தத் தெரு எங்கே நின்றது, எது விலகியது என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். கட்சிகள் தங்களுக்காக இதைச் செய்கின்றன, இயக்கங்கள் செய்வதில்லை. நாம் பொதுக்கூட்டத்தில் கூடிய தலைகளை எண்ணிப் பழகியவர்கள். இரண்டாவதாக, பூனா ஒப்பந்தம் கொடுத்துப் பின்னால் இல்லாமல் போன அந்த முதற்சுற்றை எந்தச் சட்டமும் இல்லாமலே ஊர்கள் நடத்தலாம். பள்ளர், பறையர், அருந்ததியர் மூன்று தெருவும் ஒன்றாக உட்கார்ந்து, யார் நிற்பது, எந்தக் கோரிக்கைக்கு நிற்பது என்று கூட்டணிப் பேச்சு தொடங்கும் முன்பே சொல்லிவிடுவது. கட்சிகள் கேட்காமல் போகலாம். கேட்காமல் போனார்கள் என்பதாவது ஊரறியப் பதிவாகும்.

அப்படி நிறுத்தப்படும் ஆள் தோற்கலாம், மூன்றாமிடம்கூட வரலாம். அந்த ஓட்டு எண்ணிக்கை எவ்வளவு சிறியதானாலும், அது எந்தத் தெருக்களிலிருந்து வந்தது, எதற்காக விழுந்தது என்று நமக்குத் தெரியும். தென்காசியின் ஏழு தோல்விகளில் கடைசி மூன்றுக்கு அந்தப் பதில் கிடையாது.