'இல்லை' என்றது எது?
மில் என்பாரின் தன்வரலாற்று நூலின் ஐந்தாம் அதிகாரம் பற்றிய ஆராய்ச்சி

உள்ளத்துயர்க்கு மருந்து தன்னை அறிதலே என்னும் உரை இந்நாளில் யாண்டும் வழங்குகின்றது. அவ்வுரை பிழையன்று. ஆயினும் எவ்வாறு அறியின் துயர் தீரும், எவ்வாறு அறியின் அது மிகும் என்று வகுத்துரைப்பார் சிலரே. இவ்வினாவை ஆராய்தற்குத் தக்கதொரு கருவியாக அமைந்தது, ஆங்கில நாட்டுப் பேரறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் (1806–1873) எழுதிவைத்த தன்வரலாறு. அவர் மறைந்த 1873 ஆம் ஆண்டிலேயே அது வெளிவந்தது. அதன் ஐந்தாம் அதிகாரம், தமது 20 ஆம் வயதில் தம்மைப் பற்றிய உள்ளச் சோர்வையும், அதனின்று தாம் மீண்ட வகையையும் கூறுவது. அதன் நிறையும் குறையும் ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் அவர் வளர்ந்த முறையை அறிதல் வேண்டும். தந்தையார் ஜேம்ஸ் மில், 1817 இல் இந்திய வரலாற்று நூலை வெளியிட்டவர். அவர் தம் மகனைப் பள்ளிக்கு விடுக்காது தாமே கற்பித்தார். 3 வயதில் கிரேக்கமும் 8 வயதில் இலத்தீனும் தொடங்கப்பெற்றன. நல்லவற்றோடு இன்பத்தையும் தீயவற்றோடு துன்பத்தையும் இணைத்துப் பழக்கிவிடின் மனம் அப்பழக்கத்தின் வழியே நிற்கும் என்பது தந்தையார் கோட்பாடு. 15 வயதில் பெந்தம் என்பாரின் நூலைக் கற்ற மகன், உலகத்தைத் திருத்துவதே தன் வாழ்வின் பயன் என உறுதிகொண்டான்.

1826 ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் மில் தம்மைத் தாமே ஒரு வினா வினவினார். தாம் விழைந்த சீர்திருத்தமெல்லாம் இந்நொடியே நிறைவேறின் தமக்குப் பேரின்பம் உண்டாகுமோ என்பது அவ்வினா. உள்ளிருந்து எழுந்த விடை 'இல்லை' என்பது. அவ்வளவில் அவர் வாழ்வு நின்ற அடிப்படை முழுதும் சரிந்தது. உறக்கம் அதனைப் போக்கவில்லை; நூல்கள் போக்கவில்லை. தமக்கு உவப்பான இசையைக் கேட்கும்போதும், சுரங்கள் சிலவே ஆதலின் அவற்றால் அமையும் இனிய இசைகள் ஒருநாள் தீர்ந்தொழியுமே என்று கவன்றார். துயரைச் சொல்லி ஆற்றிக்கொள்ளத் துணையில்லை. தந்தையாரோ இதனைச் சொல்லத்தக்கவர்களுள் இறுதியில் நிற்பவராகத் தோன்றினார்.

இந்நோயின் காரணத்தை மில் தாமே ஆராய்ந்து கூறுகின்றார். எதனையும் கூறுகூறாகப் பிரித்தறியும் பழக்கம், வேறு பயிற்சிகளால் ஈடுசெய்யப்படாதவிடத்து, உணர்ச்சிகளை அரித்துவிடும் என்பது அவர் முடிபு. புறத்தே இருந்து கட்டப்பட்ட இணைப்புக்களைப் பகுத்தறிவு அவிழ்த்துவிடுமன்றே? தந்தையார் கட்டினார், அவர் பயிற்றிய பகுப்பாற்றலே அவர் கட்டியதை அவிழ்த்தது. இவ்விளக்கம் நுண்ணியது, தன்னை ஆராய்வார் அனைவர்க்கும் எச்சரிக்கையாக அமைவது. தன் உள்ளத்தை ஓயாது அறுத்துப் பார்ப்பவன் அறுவைக்குரிய பொருளையே காண்பான். உயிருடைய பொருளைக் காணான்.

ஆயினும் ஈண்டு ஆசிரியர் ஒன்றைக் காணாது விட்டார். பழக்கத்தால் இணைத்தவையே உள்ளம் எனின், அவ்வினாவிற்கு 'ஆம்' என்ற விடையே எழுந்திருத்தல் வேண்டும். என்னையெனின், 20 ஆண்டுகள் அவர்க்குப் பயிற்றப்பட்டது அவ்விடையே. பயிற்றாத 'இல்லை' யாண்டிருந்து வந்தது? கட்டப்பட்டவை அவிழ்ந்தமை கண்டு வருந்தியது எது? அவிழ்ந்துபோன கட்டு தன் அவிழ்வை அறிந்து வருந்தாது.

சித்தாந்தம் பயின்ற அன்பர்க்கு இவ்விடம் புதிதன்று. சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரம் உயிருண்மை நாட்டுமிடத்து, உடல் முதலியவற்றை ஒவ்வொன்றாக விலக்கி எஞ்சுவது சூனியமே என்பாரை மறுக்கின்றது. அங்ஙனம் ஒவ்வொன்றையும் 'இல்லை' என்று அறிந்து சொல்லும் அறிவு ஒன்று உளதன்றே, அதுவே உயிர் என்பது அதன் கருத்து. மில் சூனியத்தைக் கண்டார், கண்டவனைக் காணவில்லை. இது நம் நூற்கொள்கையை அவர்மேல் வலிந்து ஏற்றுவதன்று. 1865 இல் ஹாமில்டன் என்பாரின் தத்துவத்தை ஆராய்ந்து எழுதிய நூலில், மனம் என்பது உணர்வுகளின் தொடரே எனக் கொண்ட மில், அத்தொடர் தன்னைத் தொடரென்று அறிதல் யாங்ஙனம் என்னுமிடத்துத் தம் விளக்கம் செல்லாமையை ஒளியாது ஒப்புக்கொண்டார். 1826 இல் துயராக வந்த வினாவே 1865 இல் தருக்கமாக வந்தது என்க.

இனி, நோய் தீர்ந்த வகை. சோர்வு தொடங்கி ஓராண்டு நிறைவதன் முன்னரே, பிரஞ்சு ஆசிரியர் மார்மொந்தெலின் நினைவுநூலை மில் தற்செயலாகப் படித்தார். தந்தையை இழந்து குடும்பம் தவிக்கும் நிலையில், சிறுவனான மார்மொந்தெல் இனித் தானே அனைவர்க்கும் எல்லாமாக இருப்பதாகத் துணிந்து, அவர்களையும் அவ்வாறு உணரச்செய்த பகுதி அது. அதனைப் படித்த மில் கண்ணீர் வடித்தார். தம்முள் உணர்ச்சி மாய்ந்துவிடவில்லை எனத் தேறினார். அன்றுமுதல் சுமை குறைந்தது.

இக்கண்ணீர்க்கு 1945 இல் லெவி என்னும் அமெரிக்க ஆசிரியர் உளப்பகுப்பு நெறியால் உரை கண்டார். தந்தை இறத்தல் வேண்டும் என்னும் மறைந்த விருப்பமே அக்கதையின் வாயிலாக வெளிப்பட்டு ஆறியது என்பது அவர் கொள்கை. தந்தையாரின் அழுத்தம் நோய்க்குக் காரணம் என்னுமளவில் அது பொருந்தும். 1961 இல் ஸ்டில்லிங்கர் பதிப்பித்த முன்வரைவு அதற்குச் சான்று. பின்னர் நீக்கப்பட்ட ஓரிடத்தில், அன்பின்றி அச்சத்தின்கீழ்த் தாம் வளர்ந்ததாக மில் எழுதியிருந்தார். அச்சிட்ட நூலிலோ தாயாரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தன் நோயின் வேரைத் தன் கையால் எழுதித் தன் கையாலேயே அடித்தமை அந்நூலின் பெருங்குறை.

அற்றேல், லெவியின் உரை முழுதும் ஏற்புடைத்தோ எனின், அன்று. மில் அப்பகுதியைச் சொல்லும் வரிசையை நோக்குக. தந்தையின் மறைவு, குடும்பத்தின் இடர், சிறுவனின் துணிவு என அது சென்று, பிறர்க்குத் தன்னைத் தாங்கலாக ஈந்த அன்பில் முடிகின்றது. கண்ணீர் அம்முடிவிலேயே பெருகிற்று. அச்சத்தில் வளர்ந்த ஒருவன், தன்னையொத்த மற்றொரு சிறுவனிடத்து அன்பின் ஆற்றலைக் கண்டு, அது தன்னிடத்தும் உண்டென அறிந்தான். மறைந்திருந்த பகையொன்று மட்டும் வெளிப்பட்டிருப்பின் நோய் வடிவு மாறியிருக்கும், தீர்ந்திராது. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்பர் நம் ஆசிரியர். பகுப்பைச் சார்ந்தபோது அவ்வுயிர் வறண்டது. அன்பைச் சார்ந்தபோது நெகிழ்ந்தது.

மீட்சியின்பின் அவர் கண்ட உண்மைகள் சில. இன்பத்தையே குறியாகக் கொள்வார்க்கு இன்பம் வாராது. வேறொன்றில் உள்ளம் வைத்தார்க்கே அது வழியில் எய்தும் என்பது ஒன்று. பின்வந்த சோர்வுகளில், சூழ்நிலை ஆக்கிய அடிமை தாம் என்னும் எண்ணம் அவரை அழுத்திற்று. இயல்பு சூழ்நிலையால் அமைவதாயினும், அச்சூழ்நிலையை மாற்றுதற்கண் நம் விருப்பமும் ஒரு காரணமாம் எனத் தெளிந்து அவ்வெண்ணத்தினின்றும் நீங்கினார். இதனைப் பின்னர் 1843 இல் வெளிவந்த அளவை நூலிலும் விரித்தார். வினைக்கொள்கையைக் கைசோர்ந்திருத்தற்குச் சாக்காகக் கொள்வார் இவ்விடத்தைப் பன்முறை படித்தல் தகும்.

1828 இல் வோர்ட்ஸ்வொர்த்தின் பாடல்கள் அவர்க்கு மருந்தாயின. மலையும் ஆறும் பற்றிய வருணனையினும், அவற்றின் வாயிலாக எழும் உணர்ச்சியே தம்மை ஆற்றியது என்கின்றார். ஈண்டும் ஒரு குறை உண்டு. உணர்ச்சியை வளர்த்தற்குரிய கருவியாகவே பாடலை அவர் மதிப்பிடுகின்றார். உணர்கின்ற உயிர் யாது என்னும் ஆராய்ச்சிக்குள் புகுந்திலர். மருந்தைப் போற்றினார், பிழைத்தவனை வினவினாரல்லர்.

இக்குறைகள் உளவாயினும் இவ்வதிகாரம் கற்கத்தக்கதே. தம் வெறுமையை மறையாது கூறிய பேரறிஞர் சிலருள் மில் ஒருவர். தன்னை அறிதல் இருவகைத்து என்பதை அவர் வாழ்வே காட்டுகின்றது. தன்னைப் பிரித்துப் பிரித்து 'இது அன்று, இது அன்று' எனக் கழித்துச் செல்வது ஒன்று. அது வேண்டுவதே, ஆயினும் அவ்விடத்தே நிற்பார்க்கு வெறுமையே பயனாகும். கழித்தவன் உளன் எனவும், அவன் ஒன்றனைச் சார்ந்தன்றி நில்லாதவன் எனவும் தேர்ந்து, சார்தற்குரியதைச் சார்வது மற்றொன்று. முன்னது நோயைக் காட்டும்; பின்னதே அதனைத் தீர்க்கும். உள்ளம் சோர்ந்தார்க்கு 'உன்னை ஆராய்க' என்று மட்டும் சொல்லி விடுவார், அவரை நடுவழியில் விடுகின்றார் என்பதை உணர்வாராக.