வெற்றிப் பாதையின் பொருள்: போக்கிமான் விளையாட்டுகளில் இறுதி வழி

வீடியோ விளையாட்டுகள் பலவற்றில் இறுதிப் போர் நிகழும் களத்திற்கும் அதற்கு முன் ஆடுநர் திரிந்த உலகிற்கும் இடையே தனியே ஒரு வழி அமைக்கப்பட்டிருக்கும். அவ்வழியில் ஊர்கள் இரா, கடைகள் இரா, துணைக்கதைகளும் ஓய்ந்திருக்கும். இதனைக் கடைசித் தடை என்ற அளவிலேயே பேசுவது வழக்கம். எத்தனை எதிரிகள், எவ்வளவு வலிமை வேண்டும் என்பவற்றோடு அப்பேச்சு நின்றுவிடுகிறது. விளையாட்டைக் கதைப்பனுவலாகக் கொண்டு வாசிப்போர்க்கு இவ்வழி வேறொரு பொருள் தருகிறது. அதுவரை நிகழ்ந்தவற்றை ஆடுநர் தம் செயலாலேயே திரும்ப வாசிக்கும் இடமாக அது அமைகிறது. இத்தன்மை குன்றும் இடத்தில் இறுதிப் போரும் வெறும் எண்களின் மோதலாகச் சுருங்கிவிடுகிறது. போக்கிமான் விளையாட்டு வரிசையில் 'விக்டரி ரோடு' எனப்படும் வெற்றிப் பாதை அடைந்த மாற்றங்களைக் கொண்டு இதனை விளக்க முடியும்.

ஜப்பானிய நிறுவனமான கேம் ஃபிரீக் உருவாக்கிய முதல் போக்கிமான் விளையாட்டுகள் 1996 பிப்ரவரியில் சிவப்பு, பச்சை என்னும் இரு பதிப்புகளாக நிண்டெண்டோவின் கேம்பாய் கருவிக்கென வெளிவந்தன. சிற்றூர்ச் சிறுவன் ஒருவன் போக்கிமான் என்னும் உயிரிகளைப் பிடித்துப் பழக்கி, எட்டு ஊர்களின் பயிற்சிக்கூடத் தலைவர்களை வென்று எட்டுப் பதக்கங்கள் பெற்று, இண்டிகோ பீடபூமியில் நால்வர் அணியையும் அதன்பின் வாகையரையும் எதிர்கொள்வதே கதை. இதில் பலரும் கவனியாது விடுவது வெற்றிப் பாதையின் நில அமைவாகும். சிறுவன் தன் ஊரைவிட்டு முதலில் அடையும் நகரம் விரிடியன். பீடபூமிக்குச் செல்லும் வாயில் அந்நகரின் மேற்கே சில நிமிட நடையில் உள்ளது. ஆட்டம் தொடங்கிய சிறு பொழுதிலேயே ஆடுநர் அங்கு சென்றுவிட முடியும். முதற்பதக்கம் இல்லை என்று காவலர் திருப்பி அனுப்பிவிடுவார். அதே நகரின் பயிற்சிக்கூடமும் பூட்டிக் கிடக்கும். ஏனைய ஏழு பதக்கங்களையும் பெற்ற பின்னரே அது திறக்கும். ஆகவே எட்டாம் பதக்கத்தைப் பெற ஆடுநர் தொடங்கிய இடத்திற்கே மீள வேண்டும். மீண்டு, அன்று தம்மைத் திருப்பி அனுப்பிய அதே வாயிலை அடைய வேண்டும். முடிவைத் தொலைவில் வைக்காமல் தொடக்கத்தின் அருகிலேயே வைத்து, இடையில் உலகம் முழுவதையும் சுற்றிவரச் செய்த இவ்வமைப்பு அக்காலத்துச் சிறு கருவியின் நினைவுக் கொள்ளளவை எண்ணும்போது வியக்கத்தக்கது.

வாயிலைக் கடந்தபின் இருபத்து மூன்றாம் வழி தொடங்குகிறது. அங்கே காவலர்கள் ஒருவர்பின் ஒருவராக நின்று ஒவ்வொருவரும் ஒரே ஒரு பதக்கத்தை மட்டும் கேட்கின்றனர். எட்டையும் ஒரே இடத்தில் ஒருமுறை சரிபார்த்திருந்தால் வேலை முடிந்திருக்கும். தனித்தனியே, பெற்ற வரிசையிலேயே கேட்பதால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓர் ஊரும் ஒரு போரும் நினைவிற்கு வருகின்றன. சோதனை என்ற பெயரில் இங்கு நடப்பது கதைச்சுருக்கம். அதைச் சொல்பவர் எவருமில்லை. நடப்பவரே அதனை நிகழ்த்திக்கொள்கிறார்.

அடுத்து வரும் குகையில் இந்நினைவு இன்னும் நுட்பமாக இயங்குகிறது. மூன்று தளங்கள் கொண்ட அக்குகையில் பாறைகளைத் தள்ளிக் குறித்த பொத்தான்களின்மேல் நிறுத்தினால்தான் தடைகள் விலகும். ஒரு பாறையை மேல்தளத்துக் குழியில் வீழ்த்தி, கீழ்த்தளத்தில் மீண்டும் தள்ள வேண்டும். பாறை தள்ளும் ஆற்றல் ஆடுநருக்கு எவ்வாறு கிட்டியது? ஃபியூஷியா நகரில் விலங்குக் காப்பகப் பொறுப்பாளர் ஒருவர் தம் பொன் பற்களைத் தொலைத்துவிட்டுப் பேச்சுக் குழறி நிற்பார். அவர் சொல்வது எவருக்கும் புரியாது. காப்பகத்தினுள் அப்பற்களைத் தேடிக் கொணர்ந்து கொடுத்தால் பேச்சுத் தெளிந்து, நன்றியாக அவ்வாற்றலை வழங்குவார். அதனைப் போருக்கு வெளியே பயன்படுத்த நான்காம் பதக்கமும் வேண்டும். இவ்வாறு குகையில் நகரும் ஒவ்வொரு பாறைக்கும் பின்னால் ஒரு முதியவரின் பொக்கை வாய் இருக்கிறது. நகைச்சுவையாக வந்த சிறு நிகழ்ச்சி, கதையின் மிகக் கடுமையான இடத்தில் திறவுகோலாகிறது. இருபத்து மூன்றாம் வழியின் நீரைக் கடப்பதற்கும் இவ்வாறே முன்னர்ப் பெற்ற நீந்தும் ஆற்றலும் ஐந்தாம் பதக்கமும் தேவைப்படுகின்றன. இவை அனைத்தும் கருவிகளே. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு.

அகத்திணை மரபில் பயின்றோர்க்கு முதல், கரு, உரி என்னும் பாகுபாடு இவ்விடத்தே நினைவிற்கு வருதல் இயல்பு. ஜப்பானிய விளையாட்டில் சங்கத் திணையைத் தேடிக் கண்டுவிட்டதாக மகிழ்வது ஆய்வாகாது. எனினும் இடத்திற்கும் அவ்விடத்திற்குரிய ஒழுக்கத்திற்கும் உள்ள உறவை வினவும் கருவியாக அப்பாகுபாட்டைப் பயன்படுத்துவதில் தவறில்லை. இவ்விளையாட்டின் ஊர்கள் பலவும் தமக்கெனக் கருப்பொருள் உடையவை. பாறை, நீர், மின்னல், செடி, தீ எனப் பயிற்சிக்கூடங்கள் வகுக்கப்பட்டிருப்பதே அதற்குச் சான்று. வெற்றிப் பாதையில் கருப்பொருள் மிகக் குறைவு. அங்குத் திரியும் வௌவாலும் கல்லுயிரும் பிற குகைகளிலும் திரிபவையே. குடிகள் இல்லை; உணவில்லை; தொழிலில்லை. தொல்காப்பியம் பாலைக்கெனத் தனி நிலம் வகுக்காது விட்டும் அதன் உரிப்பொருள் குன்றாது நிற்பதுபோல, இப்பாதையும் நிலத்தால் வறியதாய் இருந்துகொண்டே பொருளால் நிறைகிறது. அப்பொருள் ஆடுநர் உடன்கொண்டு வந்தது.

பெயரும் நோக்கத்தக்கது. ஜப்பானிய மூலத்தில் இதன் பெயர் 'சாம்பியன் ரோடு'. அது செல்பவரைக் குறிக்கும் பெயர். ஆங்கிலப் பதிப்பு அதனை வெற்றியின் பாதை என்று மாற்றி, விளைவைக் குறிக்கும் பெயராக்கிவிட்டது. மூலப்பெயரே பொருத்தமானது.

1999இல் வந்த தங்கம், வெள்ளி பதிப்புகளில் வெற்றிப் பாதை மெலிந்தது. காவலர் வரிசை மறைந்து ஒரே வாயிலில் சோதனை முடிந்தது. குகையில் பாறைப் புதிர் இல்லை. எதிர்த்து நிற்பவன் பழைய போட்டியாளன் ஒருவனே. 2002இல் வெளியான ரூபி, சஃபையர் பதிப்புகள் இழந்ததை வேறு முறையில் மீட்டன. அவற்றின் தொடக்கத்தில் வாலி என்னும் நோயுற்ற சிறுவன் வருகிறான். வெளியூர் செல்லுமுன் ஒரு துணையுயிர் வேண்டுமென்று அவன் கேட்க, ஆடுநரின் தந்தை தம் போக்கிமானை அவனுக்கு இரவல் தந்து, ஆடுநரை உடன் அனுப்புகிறார். புல்வெளியில் ரால்ட்ஸ் என்னும் சிற்றுயிரை அவன் பிடிக்கிறான். ஆடுநர் அருகில் நின்று பார்க்கிறார். இடையில் ஒருமுறை மோதித் தோற்கிறான். பின்னர்க் கதை அவனை ஏறத்தாழ மறந்துவிடுகிறது. வெற்றிப் பாதையின் முடிவில், வெளிச்சம் தெரியும் இடத்தில், அவன் நிற்கிறான். நோயைக் கடந்து, குகையையும் கடந்து தனியே வந்திருக்கிறான். அன்று பிடித்த ரால்ட்ஸ் முழு வளர்ச்சியுற்று அவனோடு இருக்கிறது. ஆடுநர் நடந்த அதே நெடுவழியை எவரும் பாராமல் இன்னொருவனும் நடந்திருக்கிறான் என்பது அப்போதுதான் புலப்படுகிறது. இவ்வரிசை முழுவதிலும் இறுதி வழி இதனினும் செறிந்த பொருள் பெற்ற இடம் வேறில்லை எனலாம். அடுத்து வரும் நால்வர் அணியின் போர்கள் கடினமானவை. ஆனால் இச்சந்திப்பைப்போல் நெஞ்சில் நிற்பவை அல்ல.

நிண்டெண்டோவின் மற்றொரு படைப்பான 'செல்டா: ஆக்கரினா ஆஃப் டைம்' (1998) இறுதி வழியை வேறு விதமாக அமைத்தது. பகைவன் கோட்டையின் நடுக்கோபுரத்தைச் சூழ்ந்த மந்திரத் தடையை நீக்கக் காடு, தீ, நீர், நிழல், ஆவி, ஒளி என்னும் ஆறு பொருண்மைகளில் அமைந்த ஆறு கூடங்களைக் கடக்க வேண்டும். ஒவ்வொன்றும் முன்னர்க் கண்ட உலகின் சிற்றுருவம். பின்னர்க் கோபுரப் படிகளில் ஏற ஏற மேலிருந்து ஒலிக்கும் ஆர்கன் இசை நெருங்கிவருகிறது. அதனை வாசிப்பவன் பகைவனே. அழகிய உத்திதான். எனினும் அவ்வாறு கூடங்களும் இடங்களை மட்டுமே நினைவூட்டுகின்றன; மனிதரைக் கொணர்வதில்லை. காட்டுக் கூடத்தில் காடு இருக்கிறது, காட்டில் வாழ்ந்த தோழி இல்லை. அறையின் முடிவில் அவள் குரல் ஒருகணம் கேட்பதோடு சரி. பல்லிழந்த முதியவரையும் வாலியையும் கொண்ட போக்கிமான் பாதை காட்சியில் எளியதாயினும் நினைவில் ஆழமானது.

இப்பாதையின் குறையையும் மறைத்தல் தகாது. சில அடிகளுக்கு ஒருமுறை வௌவால் குறுக்கிட்டு ஆட்டத்தை நிறுத்தும். பாறையைத் தவறாகத் தள்ளினால் வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். நினைவு வாசிப்பு என்று மேலே கூறப்பட்டது சலிப்பின் நடுவே நிகழ்வதுதான். பலர் இதனை விரைந்து கடக்கவே விரும்பினர். அவர்களுக்கென வழிகாட்டி நூல்கள் தோன்றின. சென்று மீண்டவர் செல்வோர்க்கு வழி கூறும் அந்நூல்களை ஆற்றுப்படையோடு ஒப்பிடும் ஆசை எழலாம். மலைபடுகடாம் மலைவழியின் ஏதங்களை எடுத்துரைத்து எச்சரிப்பது உண்மையே. ஆனால் ஆற்றுப்படையில் வழியின் முடிவில் இருப்பவன் வரவேற்கும் வள்ளல். இங்கே இருப்பவர்கள் வெல்லப்பட வேண்டியவர்கள்; முதல் அறையில் நுழைந்ததும் திரும்பும் வழி அடைபடும். ஒப்புமை அவ்வளவில் நிற்கிறது.

2019இன் வாள், கேடயம் பதிப்புகளில் வெற்றிப் பாதை என்ற இடமே இல்லை. பனி மூடிய வழி ஒன்று பெருநகரில் முடிய, இறுதிப் போட்டிகள் திரளான பார்வையாளர் நடுவே விளையாட்டரங்கில் நடைபெறுகின்றன. 2022இன் ஸ்கார்லெட், வயலெட் பதிப்புகளில் பெயர் மட்டும் திரும்பிவந்தது. ஆனால் அது எட்டுப் பயிற்சிக்கூடங்களை வெல்லும் முழுக் கதைப்போக்கிற்கும் இடப்பட்ட பெயர். பயணம் முழுவதும் வெற்றிப் பாதையென்றால் அதற்குத் தனியிடம் எதற்கு என்பது படைப்பாளர் கருத்தாகலாம். அது ஏற்கத்தக்கதன்று. எங்கும் பரவிய பெயர் எந்த இடத்திலும் நின்று திரும்பிப் பார்க்கச் செய்வதில்லை. இக்குறையைப் படைப்பாளரும் உணர்ந்திருக்கக்கூடும் என்று கருத ஒரு சான்று உண்டு. அப்பதிப்புகளில் நால்வரை எதிர்கொள்ளுமுன் ஆடுநர் ஓர் அறையில் நேர்காணலுக்கு அமர வேண்டும். நால்வருள் ஒருவரான ரிக்கா வினவுகிறார்: முதலில் தேர்ந்த உயிரி எது? எந்தப் பயிற்சிக்கூடம் மிகக் கடினமாக இருந்தது? போக்கிமான்களைப் பிடிக்குமா? முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் அமர்ந்தோர்க்கு அவ்வறையின் அமைதி புதிதன்று. இருபத்து மூன்றாம் வழியில் காவலர்கள் ஒவ்வொருவராகக் கேட்டதை இங்கு ஒருவரே நாற்காலியில் இருந்தபடி கேட்கிறார். விடை பிழைத்தால் தேர்ச்சியில்லை எனக் கூறி வெளியே அனுப்பிவிடுகிறார். ஆடுநர் கதவருகே திரும்பி, மீண்டும் உள்ளே செல்கிறார்.