ஆட்டம் இருப்பது திருப்பத்தில்

கயாக் டிரோலிங்கை, அதாவது ஓடும் கயாக்கின் பின்னால் இரையை இழுத்து மீன் பிடிப்பதை, ‘சும்மா இழுத்துக்கொண்டு போறது’ என்று சொல்பவர்களோடு எனக்குப் பல வருடச் சண்டை. இந்தப் பருவத்தில் அது முற்றிவிட்டது. காரணம் ஒரே ஓர் ஆட்டக்காரர். பெயர் வேண்டாம். சிங்கப்பூரின் உபின் தீவுப் பக்கம் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு யாரென்று புரியும். பெடல் இல்லாத பழைய பிளாஸ்டிக் கயாக், பின்னால் இரண்டே கோல், வெயிலில் வெளிறிப்போன துடுப்பு. அவர்மேல் மூன்று குற்றச்சாட்டுகள். ஊர்ந்து போகிறார், திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிய பிறகுதான் திரும்புகிறார், மீன் கடித்த பிறகும் கோலைத் தொட மாட்டேன் என்கிறார். இந்த மூன்றையும் கழித்துவிட்டால் அவரிடம் ஆட்டமே மிஞ்சாது என்பது என் கட்சி.

டோபி காட்டில் சனிக்கிழமை சாயங்காலம் தூண்டில்காரர்கள் கூடும்போது தேநீரோடு காணொளிகளும் கை மாறும். மூன்று ரயில் தடங்கள் சந்திக்கும் நிலையம் என்பதால் பொங்கோல்காரருக்கும் வசதி, பாசிர் ரிஸ்காரருக்கும் வசதி. அண்மையில் ஒரு பெடல் கயாக் இளைஞர் நம் ஆட்டக்காரரின் ஓட்டத்தை எனக்குக் காட்டினார். “அண்ணே, ஜிபிஎஸ்ஸ பாருங்க. மணிக்கு ரெண்டு கிலோமீட்டர். இதுல எந்த மீன் துரத்தும்?”

“கரையை வெச்சு ரெண்டு, தம்பி. தண்ணிய வெச்சு எவ்வளவு?”

அவர் பதில் சொல்லவில்லை. நம் வர்ணனையாளர்களும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

கிழக்கு ஜோகூர் நீரிணை வினோதமான நீர். 1923-இல் ரயில் ஓடத் தொடங்கி 1924-இல் திறப்பு விழா கண்ட ஜோகூர்-சிங்கப்பூர் கடற்பாலம் அதன் மேற்கு முனையை அடைத்துவிட்டது. இந்தப் பக்கம் பொங்கோல், பாசிர் ரிஸ் அடுக்குமாடிகள். அந்தப் பக்கம் பாசிர் கூடாங் துறைமுகம். நடுவில் கிடப்பது ஒரு முனை மட்டும் திறந்த நகரத்து ஏரி என்றே சொல்லலாம். கடற்பாலத்தை நெருங்க நெருங்க நீர் சோம்பிக் கிடக்கும். உபினையும் கேத்தாமையும் சுற்றி, தீவுகளுக்கு இடையே நெருக்கப்படும் இடத்தில் அதே நீர் ஓட ஆரம்பிக்கும். பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டி அந்த ஓட்டம் துடுப்பை மடக்கும் அளவுக்கு வலுக்கும். கண்ணுக்கு ஏரி, கைக்கு ஆறு. திரையை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

கணக்கு எளிது. நீரோட்டம் மணிக்கு 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மின்னோ வகைச் செயற்கை இரை நன்றாக ஆடும் வேகம் 4. எதிரோட்டத்தில் நம்மவர் தண்ணீரைக் கிழிப்பது 4-இல்தான். ஆனால் ஜிபிஎஸ் 2 என்று காட்டும். ஓட்டத்தோடு திரும்பி வரும்போது அதே உழைப்புக்கு 6 என்று காட்டும். திரையில் எப்போதும் 4 நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் என்ன செய்கிறார்? எதிரோட்டத்தில் தண்ணீருக்கு 6 என்று விரட்டுகிறார். இரை நிலைகுலைந்து பக்கவாட்டில் சுழன்று மேலே வந்துவிடுகிறது. ஓட்டத்தோடு வரும்போது தண்ணீருக்கு வெறும் 2. இரை அசைவில்லாமல் மரக்கட்டையாக மிதந்து வருகிறது. நாள் முழுக்க நிலையான வேகத்தில் போனோம் என்ற திருப்தி அவருக்கு. அவருடைய இரையோ நாள் முழுக்க ஒருமுறைகூட ஒழுங்காக ஆடியிருக்காது.

நம் ஆட்டக்காரர் பார்ப்பது கோல்முனையை. இரை சரியாக ஆடினால் முனை சீராகத் துடிக்கும். துடிப்பு செத்தால் தண்ணீர் வேகம் குறைந்துவிட்டது, துடுப்பைக் கூட்ட வேண்டும். துடிப்பு நின்று முனை வெறுமனே வளைந்தால் குப்பையோ பாசியோ மாட்டியிருக்கிறது. இரையின் வேகத்தை இரையிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறை இது. ஊர்கிறார் என்று கரையில் நின்று சொல்பவருக்கு அந்த முனை தெரியாது.

இனி திருப்பம். நேரான ஓட்டம் இடம்விட்டு இடம் போவதற்கு. மீனோடு பேச்சுவார்த்தை நடப்பது திருப்பத்தில். இடப்பக்கம் ஒரு கோல், வலப்பக்கம் ஒரு கோல். கயாக் இடப்பக்கம் வளைந்தால் உள்வட்டத்து இரை வேகம் குறைந்து மேலெழும்பும். வெளிவட்டத்து இரை வேகம் கூடி ஆழத்துக்கு இறங்கும். ஒரே நேரத்தில் இரண்டு வேகம், இரண்டு ஆழம். உள்பக்கக் கோல் வளைந்தால் இன்றைக்கு மீன் மந்தமாக இருக்கிறது. வெளிப்பக்கம் வளைந்தால் துரத்தும் மனநிலையில் இருக்கிறது. அடுத்த அரைமணி நேரம் எப்படி ஓட்டுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எந்தக் கருவியிலும் கிடைக்காது. நேராகப் போகத் தெரியாதவர் என்று சிரிக்கிறார்களே, அந்த வளைவு ஒவ்வொன்றிலும் அவர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார். அதோடு, கொடுவா இரையின் பின்னாலேயே வெகுதூரம் வந்து கடிக்காமல் விலகிப்போகும் மீன். இரை திடீரென்று தயங்கினாலோ தப்பி ஓடினாலோதான் பலமுறை முடிவெடுக்கும். அந்தத் தயக்கத்தை வளைவு கொடுக்கிறது.

சரி, ஏன் தாண்டிப்போய்த் திரும்புகிறார்? மிதவை மீன் பண்ணைகளின் மூலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். கொடுவா நிற்பது அங்கே, ஓட்டத்துக்கு மறைவாக, நிழலில், கூண்டுகளிலிருந்து சிதறும் தீவனத்தைத் தேடி வரும் சிறுமீன்களுக்காக. பண்ணையின் நங்கூரக் கயிறுகள் சாய்வாக வெகுதூரம் நீருக்குள் ஓடும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. கயிறு முழுக்கச் சிப்பியும் கொட்டலசும். பின்னல் நூல் அதில் உரசினால் ஒரு நொடி போதும். கயாக்குக்கு இருபது, இருபத்தைந்து மீட்டர் பின்னால் வரும் இரை, கயாக் போன தடத்திலேயே வருவதில்லை. வளைவில் அது குறுக்கே வெட்டிக்கொண்டு உள்பக்கமாக வரும். மூலைக்கு நேராகத் திரும்பினால் கயாக் தப்பிக்கும், இரை கயிற்றில் மாட்டும். அவர் மூலையைத் தாண்டி, ஏறக்குறைய நூலின் நீளம் முன்னே போய், அப்புறம் வளைகிறார். இரை மூலையை உரசாமல் சுற்றிக்கொண்டு, மறைவில் நிற்கும் மீனின் முகத்துக்கு நேராக நுழைகிறது. பண்ணைக்காரரின் வலையும் பிழைக்கிறது. இதற்குப் பெயர் தாமதம் என்றால் நான் என்ன சொல்வது?

மூன்றாவது குற்றச்சாட்டுதான் என்னை அதிகம் கோபப்படுத்துவது. கோல் வளைகிறது, ரீல் அலறுகிறது, பக்கத்துக் கயாக்குகளிலிருந்து “எடு, எடு!” என்று கத்துகிறார்கள். அவர் எடுப்பதில்லை. நான்கைந்து துடுப்பு, முன்னைவிட அழுத்தமாகப் போடுகிறார். அப்புறம்தான் துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் கோலுக்குக் கை நீட்டுகிறார்.

கொடுவாவின் வாய் எலும்பு. முள் அதில் இறங்க இழுவை வேண்டும். உட்கார்ந்த நிலையில் கை தருகிற இழுவையைவிட, ஓடிக்கொண்டிருக்கும் படகு தருகிற இழுவை நிதானமானது, உறுதியானது. கடித்த கொடுவா முதலில் செய்வது கயிறுகளை நோக்கித் திரும்புவது. லேசான கயாக் அந்த நேரத்தில் நின்றுவிட்டால் மீன் படகையே பண்ணைப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அடுத்தது துள்ளல். வாயைத் திறந்து தலையை உதறும்போது நூல் தளர்ந்தால் முள் கழன்றுவிடும். செவுள் மூடியின் ஓரம் வேறு கத்தி. நூல் அதில் பட்டாலும் கதை முடிந்தது. நான்கைந்து துடுப்பில் மீன் கயிறுகளைவிட்டு வெளியே, வெட்டவெளிக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பது வெறும் உடல் உழைப்பு. பெரிய கொடுவா பெரும்பாலும் பெண் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆணாக வளர்ந்து, சில வருடங்களில் பெண்ணாக மாறுகிற மீன் அது. அவர் அளவுகோலில் வைத்துப் படமெடுத்துவிட்டு நீரில் விடுவதற்கு அதுதான் காரணம். அந்த வகையிலும் நான் அவர் கட்சி.

இதெல்லாம் புதிதும் இல்லை. பின்லாந்தில் பைய்யன்னே என்ற பெரிய ஏரியில் துடுப்புப் படகில் தூண்டில் இழுத்துப் பிழைத்த லவுரி ரப்பாலா, 1936-இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய மினுமினுப்புத் தாளை ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கிப் பூசி ஓர் இரை செய்தார். டிரவுட்டும் மற்ற வேட்டை மீன்களும் அடிபட்டுத் தள்ளாடும் குஞ்சைத்தான் முதலில் பிடிக்கின்றன என்பதை அவர் கவனித்திருந்தார். நாம் இன்று உபினில் கட்டும் மின்னோக்களின் மூதாதை அது. அது பிறந்தது துடுப்புப் படகின் பின்னால் என்பதை மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு துடுப்புக்கும் படகு உந்தும், பிறகு கொஞ்சம் தளரும். இரை பாயும், தயங்கும். அந்தத் தயக்கம் இரையின் பிறவிக் குணம்.

1997-இல் பெடல் இயக்கம் கயாக்குக்கு வந்தபோது கைகள் விடுதலையாயின. அதன் நன்மையை மறுக்க மாட்டேன். ஓட்டிக்கொண்டே கோலை எடுக்கலாம், இப்போது பின்னோக்கியும் மிதிக்கலாம், முதுகு வலிக்காது. ஆனால் சீரான மிதியில் சீரான இரைதான் வரும். பெடல்காரர்கள் வேண்டுமென்றே மிதியை நிறுத்தி, விட்டு மிதித்தால் இதைச் சரிசெய்யலாம். செய்பவர்கள் மிகக் குறைவு. கடி விழுந்தவுடன் கால்கள் தாமாக நின்றுவிடுவதையும் பார்க்கிறேன். கைகளுக்குக் கிடைத்த விடுதலையில் கால்கள் வேலையை மறந்துவிடுகின்றன.

இனி வரப்போவதைச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஜோகூர் ஆறு கலங்கி இறங்கும் நாட்களில் கொடுவா துரத்தாது. பக்கத்தில் வருவதைத்தான் எடுக்கும். கடிகள் உள்வட்டக் கோலில் விழும். வளைந்து ஓட்டுபவர்கள் முன்னே போவார்கள், நேர்க்கோட்டுக்காரர்கள் மீனே இல்லை என்பார்கள். அட்டமி, நவமியை ஒட்டி ஓதம் சோர்ந்துகிடக்கும் நாளில் போட்டி வைத்தால் பெடல் கட்சி ஜெயிக்கும். அன்றைக்குத் திரை சொல்லும் வேகமும் தண்ணீர் வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான். பௌர்ணமியில் வைத்தால் நம்மவர் பக்கம் என் கை. பெரிய படகுகளில் தண்ணீர் வேகத்தையே அளக்கும் சிறு சக்கரம் அடியில் பொருத்துகிறார்கள். அது கயாக்குக்கு வரும். வந்த பிறகு கோல்முனையைப் படிப்பவரின் அனுகூலம் பாதியாகக் குறையும். அதையும் ஒப்புக்கொள்கிறேன். திருப்பத்தை எந்தச் சக்கரமும் கற்றுத்தராது.

பண்ணைகளைப் பற்றி ஒரு கவலை உண்டு. 2014-இலும் 2015-இலும் பாசிப் பெருக்கத்தில் இந்த நீரிணையின் பண்ணைகள் மீன்களைக் குவியல் குவியலாக இழந்தன. அந்த அடியிலிருந்து எல்லாரும் எழவில்லை. பண்ணை மூலைகள் குறையக் குறைய, அந்த மூலைகளை மட்டுமே மனப்பாடம் செய்தவர்கள் தவிப்பார்கள். கேத்தாமின் சதுப்புநில ஓரத்தில், வற்றும் நீர் ஓடையிலிருந்து வழியும் வாயில் எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று தெரிந்தவர்கள் தாக்குப்பிடிப்பார்கள்.

நகரத்தின் நடுவிலும் ஒரு நீர் காத்திருக்கிறது. டோபி காட்டில் சலவைத் தொழிலாளிகள் துணி துவைத்த பிராஸ் பாசா ஓடை, இன்று ஸ்டாம்ஃபர்ட் கால்வாயாகி மரினா நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது. அங்கே என்றைக்காவது தூண்டில் கயாக் போட்டி நடக்கும் என்று நம்புகிறேன். முதல் வருடம் திரைக்காரர்கள் வெல்வார்கள்; அசையாத நீர், அவர்கள் கணக்கு சரியாக வரும். ஆனால் அது எப்போதும் அசையாத நீர் அல்ல. ஆர்ச்சர்ட் சாலையில் மாலைமழை கொட்டினால் கால்வாய் வாய்களில் பழுப்பு நீர் தள்ளும். ஓதம் இறங்கியிருந்தால் மரினா அணைக்கட்டின் 9 மதகுகளும், ஏறியிருந்தால் 7 பம்புகளும் நீரைக் கடலுக்கு அனுப்பும். நீர்த்தேக்கம் முழுவதும் நகர ஆரம்பிக்கும். அப்படி ஒரு மழைநாளில் போட்டி வந்தால், தெளிந்த நீரும் கலங்கிய நீரும் சந்திக்கும் கோட்டைத் தாண்டிப்போய்த் திரும்புகிற கயாக் எது என்று பாருங்கள். என் பந்தயம் அந்தக் கயாக்கின் மேல்தான்.