நிலாவுக்கு டிக்கெட் எடுத்தியா?

சொன்னால் சிரிப்பீர்கள், நான் ஒரு நாலு வயதுப் பிள்ளையின் வெறி பிடித்த ரசிகன். முதல் நாள் முதல் காட்சிக்கு விடிகாலையிலேயே தியேட்டர் வாசலில் போய் நிற்பானே, அந்த ரகம். அவள் வாயைத் திறந்தால் போதும், கையில் இருக்கிற வேலை அப்படியே நிற்கும், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் வழியட்டும்!

ஆச்சிக்கு முன்பல் விழுந்துவிட்டது. நமக்கெல்லாம் அது விழுந்த பல். என் மகள் ஆச்சியின் தாடையைப் பிடித்துத் திருப்பி, உள்ளே எட்டிப் பார்த்து, அத்தனை பரிவோடு கேட்கிறாள்: "ஆச்சி, ஒனக்கு இன்னும் பல்லே மொளைக்கலையா?" ஆச்சி சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. காலையில் அவசரமாகக் கிளம்பும்போது சீப்பை நீட்டி, "எப்பா, தலையைச் சீப்பிவிடு" என்கிறாள். சீப்பு இருந்தால் சீப்பத்தானே வேண்டும், இதில் என்ன தப்பு கண்டுபிடிப்பீர்கள்? ருஷ்ய எழுத்தாளர் கோர்னி சுகோவ்ஸ்கி இந்த மாதிரிப் பேச்சுக்களைத்தான் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1928இல் முதலில் வந்த அந்தப் புத்தகம், பிறகு 'இரண்டிலிருந்து ஐந்து வரை' என்ற பெயரில் திரும்பத் திரும்பப் பதிப்பானது; நாடெங்கிலுமிருந்து பெற்றோர் தங்கள் பிள்ளைகள் சொன்னதையெல்லாம் கடிதத்தில் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார்களாம். இந்த வயதுப் பிள்ளைகள் மொழி மேதைகள் என்றே அவர் சொல்லிவிட்டார். நான் அப்போது ருஷ்யாவில் பிறந்திருந்தால் தபால்தலைக்கே சொத்தை அழித்திருப்பேன்!

சரி, பஸ் கதைக்கு வருகிறேன். நினைத்துப் பாருங்கள், திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்கு அரசு பஸ், இருட்டத் தொடங்கிய நேரம், வலது பக்க ஜன்னலோரம் நாங்கள், காற்று முகத்தில் அறைகிறது, யாரோ பிரித்த மல்லிகைப்பூப் பொட்டலத்தின் வாசம், வல்லநாடு தாண்டியதும் பனைமரங்களுக்கு மேலே வளர்பிறை நிலா. மரமெல்லாம் பின்னால் ஓடுகிறது, நிலா மட்டும் விடாமல் கூடவே வருகிறது. இவள் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்து, பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி, "எப்பா, நிலாவும் நம்ம கூடயே வருதே, அதுக்கு டிக்கெட் எடுத்தியா?" என்றாள் பாருங்கள்! முன் சீட்டுக்காரர் திரும்பிவிட்டார். கண்டக்டர் மகராசன், கொஞ்சமும் சிரிக்காமல், "அதுக்கு இன்னும் அஞ்சு வயசு ஆவலைல்லா தாயி, டிக்கெட் வேண்டாம்" என்றார். (2022இல்தான் அரசு பஸ்ஸில் ஐந்து வயது வரைக்கும் இலவசம் என்று அறிவித்தார்கள், நிலாவும் அதில் தப்பித்தது.) ஜெனீவாப் பிள்ளைகளும் நிலா தங்கள் பின்னாலேயே வருவதாகச் சொன்னதை குழந்தை உளவியலாளர் ழான் பியாஜே 1926லேயே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் அம்புலிப் பருவம் என்றே ஒன்று வைத்து நிலாவை விளையாடக் கூப்பிட்டார்கள். ஆனால் டிக்கெட் கேட்டவள் என் மகள் ஒருத்திதான், இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சண்டை போட்டுச் சொல்வேன்!

மானம் போன கதையும் உண்டு. ஒரு கல்யாணப் பந்தியில் உறவுக்காரர் ஒருவரை நிமிர்ந்து பார்த்து, "மாமா, நீங்கதான் மொய் எழுதாம போனவரா?" என்று கேட்டுவிட்டாள். என் இலையில் பாயசம் ஆறிப்போனது. போகட்டும், கேள்வி நியாயமானதுதானே.

அந்தப் பஸ்ஸை விட்டு இறங்கிய ராத்திரியைச் சொல்லாமல் என்னால் முடியாது. தோளில் கிடந்தாள், தூங்கிவிட்டாள் என்றே நினைத்தேன், கழுத்தில் சூடாக மூச்சு, ஒரு கையில் பை, மறு கையில் இவள், மாடிப்படி ஏறுகிறேன், எனக்கு இளைக்கிறது, அந்த இளைப்பு அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும், காதுக்குள் மெதுவாகச் சொல்கிறாள்: "எப்பா, நான் பெருசானதும் நீ குட்டியாயிருவல்லா? அப்போ நான் ஒன்னைய இடுப்புல வச்சித் தூக்கிட்டுப் போறேன். நீ அழக்கூடாது, என்ன?" ஐயோ, நான் அங்கேயே, அந்தப் படியிலேயே பையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன், அழக்கூடாது என்று சொன்னவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன், அவள் என் முதுகைத் தட்டிக்கொடுக்கிறாள், கதவைத் திறந்து பார்த்த என் மனைவி பயந்து "என்னாச்சு, என்னாச்சு" என்கிறாள், எனக்குச் சொல்ல வாய் வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்ச் செம்போடு வந்துவிட்டார், எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை!

ஒரு வேண்டுகோள். போனைத் தூக்கிப் படம் பிடிக்காதீர்கள், கேமராவைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தேதி போட்டு, அன்றன்று ராத்திரியே எழுதிவிடுங்கள், மறுநாளைக்குள் பாதி மறந்துபோகும். பிள்ளை சொன்னபடியே எழுத வேண்டும். சீப்பி என்றால் சீப்பிதான், அதை யாராவது சீவி என்று திருத்தினால் அவர்களோடு நான் பேச மாட்டேன்.