கோட்டின் இலக்கணம்

ஒரு கலையில் வல்லார்க்கு நூல் செய்வது எளிது. அதனை முதன்முதல் பயில வருவார்க்கு நூல் செய்வதே அரிது. கட்டட வரைகலையில் இவ்வரிய பணியை ஏற்று நிறைவேற்றிய நூல்களுள் குறிப்பிடத்தக்கது, பிரான்சிஸ் டி. கே. சிங் எழுதி 1975இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஆர்க்கிடெக்சுரல் கிராபிக்ஸ்’ என்பதாகும்.

ஹவாயின் ஹொனலுலுவில் பிறந்த சிங், 1972 முதல் ஓஹாயோ பல்கலைக்கழகத்தில் வரைதல் கற்பித்தார். அங்கே தம் மாணவர்க்கெனக் கையால் எழுதியும் வரைந்தும் உருவாக்கிய பாடக்குறிப்புகளே பின்னர் நூல்வடிவம் பெற்றன. கைவரைவைக் கற்பிக்கும் நூல் தானும் கைவரைவாகவே அமைந்தது இதன் தனிச்சிறப்பு. விளக்கம் ஒரு பக்கம், எடுத்துக்காட்டு மறுபக்கம் என்று பிரிந்து நிற்காமல், விளக்கும் எழுத்தே எடுத்துக்காட்டாகவும் விளங்குகிறது.

தமிழிலக்கணம் எழுத்திலே தொடங்கிச் சொல்லுக்கும் பொருளுக்கும் செல்வது போல, இந்நூல் கருவிகளிலே தொடங்குகிறது. வரைபலகை, டி-ஸ்கொயர், மூலைமட்டம், கவராயம், அளவுகோல், பென்சில் ஆகியவற்றின் இயல்பு முதலில் உணர்த்தப்படுகிறது. வன்மையான பென்சில் மெல்லிய கோட்டையும், மென்மையான பென்சில் கருமையான கோட்டையும் தரும். 45 பாகை மூலைமட்டத்தையும் 30-60 பாகை மூலைமட்டத்தையும் டி-ஸ்கொயரின்மேல் இணைத்து வைத்தால், 15 பாகையின் மடங்கான கோணங்கள் அனைத்தும் கிடைக்கும். பென்சிலைத் தள்ளாமல் இழுத்தும், இழுக்கும்போது விரல்களிடையே மெல்லச் சுழற்றியும் வரைந்தால் கோடு ஒரே சீராக வரும். இவை எழுத்துப் பயிற்சி போன்றவை.

நூலின் உயிர்நிலை, கோட்டின் அழுத்த வேறுபாட்டைக் கற்பிக்கும் பகுதியாகும். தளப்படம் என்பது கூரையின் மேலிருந்து பார்த்த தோற்றம் என்றே தொடக்க மாணவர் பலர் எண்ணுவர். அது பிழை. தரையிலிருந்து ஏறத்தாழ நான்கு அடி உயரத்தில் கட்டடத்தைக் கிடையாக வெட்டி, மேற்பகுதியை நீக்கிவிட்டுக் கீழ்நோக்கிக் காணும் தோற்றமே தளப்படம். ஆகவே வெட்டுண்ட சுவருக்கு அழுத்தமான கோடும், வெட்டுக்குக் கீழே தெரியும் படிக்கும் மேடைக்கும் இடைத்தரக் கோடும், தரையோடுகளின் இணைப்புக்கு மெல்லிய கோடும் உரியன. வெட்டுக்கு மேலே இருக்கும் உத்தரம் விட்டுவிட்டு வரையும் கோட்டால் குறிக்கப்பெறும்.

‘வேலை கொடு’ என்றால் பணி கேட்டதாகும். ‘வேலைக் கொடு’ என்றால் படைக்கலம் கேட்டதாகும். ஓர் ஒற்று பொருளை மாற்றுவது போலவே கோட்டின் அழுத்தமும் பொருளை மாற்றும். சுவருக்குரிய கோடு மெலிந்தால் சுவர் தரையில் இட்ட அடையாளமாகிவிடும். ஒவ்வொரு கோட்டையும் இடுமுன், ‘இது வெட்டுண்டதா, காணப்படுவதா, மறைந்திருப்பதா?’ என்று மாணவன் வினவியாக வேண்டும். கைவரைவு கற்பிப்பது கைத்திறனை மட்டுமன்று. இந்த வினாவையும் ஆகும்.

குறைகளும் உள. முதற்பதிப்பின் அளவைகள் அடி, அங்குலம் சார்ந்தவை. ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்னும் அளவு 1:48 ஆகும். மெட்ரிக் முறை வழங்கும் மலேசிய, சிங்கப்பூர் வகுப்புகளுக்குரியது 1:50. ஆசிரியர் மாற்றிக்கொள்ளக்கூடிய சிறு குறை இது. பெருங்குறை நூலின் அழகிலேயே இருக்கிறது. படிப்படியாக வரைந்து காட்டும் இடத்திலும் சிங்கின் கை தடுமாறுவதில்லை. தடுமாறும் கையுடைய மாணவனோ, கோட்டின் காரணத்தை விடுத்து அதன் நேர்த்தியை மட்டும் பின்பற்ற முனைகிறான். சிங்கின் எழுத்தைப் போல எழுதிவிட்டால் வரைகலை கைவந்ததென்று மயங்குகிறான்.

இம்மயக்கத்துக்கு ஒரு சான்று உண்டு. சிங்கின் கையெழுத்தைத் தழுவி 1989இல் ‘டெக்டான்’ என்னும் கணினி எழுத்துரு வெளிவந்தது. அவர் கையெழுத்தின் சாயலை இன்று எவரும் ஒரு விசையை அழுத்திப் பெறலாம். சாயல் கிடைத்துவிட்டது, அதனை ஈன்ற பயிற்சி கிடைக்கவில்லை. 1982இல் ‘ஆட்டோகேட்’ வெளிவந்தபின் வரைபலகை மெல்ல மெல்லப் பணியகங்களினின்று மறைந்தது. அது இயல்பே. கணினியும் கோட்டின் தடிப்பைக் கேட்கத்தான் செய்கிறது; ஆயினும் பிறர் முன்னரே வகுத்து வைத்த தடிப்பை ஏற்றுக்கொள்ள அங்கே வழி உண்டு. தாளில் அவ்வழி இல்லை. அழுத்துவதா மெலிப்பதா என்பதை விரல் தானே முடிவு செய்தாக வேண்டும்.

ஆகவே இந்நூலைப் பயிற்றும் ஆசிரியர், பக்கத்தைப் பார்த்து வரைக என்று விட்டுவிடுதல் தகாது. மாணவன் அமர்ந்திருக்கும் வகுப்பறையையே அவன் அளந்து, வெட்டி, வரையச் செய்தல் வேண்டும். ‘இக்கோடு ஏன் கருமை?’ என்ற வினாவுக்கு அவன் விடை கூறும்போதுதான் நூல் தன் பயனை எய்தும். விடை கூற இயலாதவன் எத்துணை அழகாக வரைந்தாலும், பொருள் அறியாது செய்யுளை ஒப்பிப்பவனுக்கு நிகரே ஆவான்.